ஷைலாக்: ஆங்கில நாடகத்தின் யூத வட்டிக்காரரை எப்படிப் படிப்பது?

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஷைலாக்தான். ஆனால் தலைப்பில் இருக்கும் வணிகன் அன்டோனியோ. கப்பல்களில் சரக்கு அனுப்பும் கிறிஸ்தவ வியாபாரி. ஷைலாக் அவருக்குக் கடன் கொடுக்கும் யூதர். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. 1598 ஜூலையில் லண்டனில் நாடகத்தை அச்சிடும் உரிமைக்காகப் பதிவேட்டில் எழுதியபோதே ‘வெனிஸ் வணிகன், அல்லது வெனிஸ் யூதன்’ என்று இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் எழுதினார்கள். 1600இல் வந்த முதல் பதிப்பின் முகப்புப் பக்கம், ஷைலாக் என்ற யூதன் அந்த வணிகன்மீது காட்டிய கொடூரத்தைக் கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்தியது. நாடகத்தின் சரக்கு எது என்று பதிப்பாளருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இத்தனைக்கும் 20 காட்சிகளில் 5இல் மட்டுமே ஷைலாக் மேடைக்கு வருகிறார்: முதல் அங்கம் 3ஆம் காட்சி, இரண்டாம் அங்கம் 5ஆம் காட்சி, மூன்றாம் அங்கத்தில் 1ஆம், 3ஆம் காட்சிகள், நான்காம் அங்கத்தின் நீதிமன்றக் காட்சி. கடைசி அங்கத்தில் ஆளே இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஐந்து காட்சிகளையும் முதலில் தனியாக எடுத்து, வரிசையாகப் படித்துவிடுவது நல்லது. மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது ஒன்று, அவரே வந்து பேசுவது இன்னொன்று. பிழையான கட்டுரைகளில் பாதி, இந்த இரண்டையும் கலப்பதால்தான் பிறக்கின்றன.

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது

பசானியோ என்ற இளைஞர், பெல்மான்டில் இருக்கும் செல்வச் சீமாட்டி போர்ஷியாவைப் பெண் கேட்டுப் போக விரும்புகிறார். கையில் காசு இல்லை. நண்பர் அன்டோனியோவிடம் ஏற்கனவே வாங்கியதே பாக்கி. அன்டோனியோவிடமும் ரொக்கம் இல்லை. எல்லாம் கடலில் மிதக்கிறது. டிரிப்போலிக்கு ஒன்று, மெக்சிகோவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று என்று கப்பல்கள் போயிருக்கின்றன. ஆகவே செலவு பசானியோவுக்கு, கையெழுத்து அன்டோனியோவுடையது. தொகை 3,000 டக்கட், கெடு 3 மாதம். வெனிஸின் தங்க டக்கட் ஒன்று சுமார் 3.5 கிராம் எடை. அந்தக் கணக்கில் பத்தரைக் கிலோ தங்கம். பெண் கேட்கப் போகும் வழிச்செலவு இது. ஷைலாக்கிடமும் அவ்வளவு தொகை உடனே இல்லை. டியூபல் என்ற இன்னொரு யூதரிடம் புரட்டித்தான் கொடுக்கிறார்.

இப்போது பலரும் தாண்டிப் போய்விடும் இடம். இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. ஒரு செப்புக்காசுகூட வட்டி வாங்கமாட்டேன் என்று ஷைலாக் வாய்விட்டுச் சொல்கிறார். வட்டிக்காரர் என்றே உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பாத்திரம், நாடகத்தில் நம் கண்முன் கொடுக்கும் ஒரே கடன் வட்டியில்லாக் கடன்! வட்டிக்குப் பதிலாக, கெடு தவறினால் கடனாளியின் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதை. அதாவது சுமார் 454 கிராம். வேடிக்கைக்காக எழுதிக்கொள்வோம் என்கிறார். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே இந்தத் தொகையைப்போல் ஒன்பது மடங்கு வந்து சேரும் என்று நம்பி அன்டோனியோவும் சம்மதிக்கிறார்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. பேச்சு நடக்கும்போது, ‘உங்கள் உடலில் எனக்குப் பிடித்த இடத்திலிருந்து’ என்பதுதான் நிபந்தனை. கெடு தவறி வழக்கு வந்தபின், நீதிமன்றத்தில் பத்திரத்தைப் படிக்கும்போது அது ‘இதயத்துக்கு மிக அருகில்’ என்று ஆகியிருக்கிறது. இடையில் எப்படி மாறியது என்று நாடகம் விளக்கவில்லை. விளையாட்டாகத் தொடங்கியதா, தொடக்கத்திலேயே திட்டமா என்ற பழைய விவாதத்துக்கு இந்த வேறுபாடும் ஒரு தீனி.

சதை என்பது பழைய கதைச் சரக்கு. ஜோவன்னி ஃபியோரென்டினோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுப்பில், கடன் கொடுக்கும் யூதர், ஒரு பவுண்டு சதை, வழக்கறிஞர் வேடமிட்ட பெண், மோதிரம் எல்லாமே இருக்கின்றன. 1558இல் அது அச்சேறியது. ஆனால் கெடு தவறினால் தண்டம் என்ற முறை லண்டன் பார்வையாளர்களுக்கு அன்றாட விஷயம். அன்றைய இங்கிலாந்தில் 100 பவுண்டு கடன் வாங்குபவர் 200 பவுண்டுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். நாள் தவறாமல் 100ஐக் கட்டினால் பத்திரம் செல்லாது. தவறினால் 200ம் கேட்கலாம். தண்டம் அநேகமாகக் கடனின் இரட்டிப்புதான். அதனால்தான் நீதிமன்றத்தில் பசானியோ 3,000க்கு 6,000 தருகிறேன் என்று நீட்டும்போது, அந்தக் காலத்துப் பார்வையாளருக்கு அது தாராளமாகத் தோன்றியிருக்காது. வழக்கமான தண்டத் தொகையாகவே பட்டிருக்கும். ஷைலாக் அதை மறுப்பதில்தான் விபரீதம் தெரிகிறது. அவர் அங்கே வசூலிக்க வந்தது பணத்தை அல்ல.

ஏன் யூதர், ஏன் வட்டி

கிறிஸ்தவர் கிறிஸ்தவரிடம் வட்டி வாங்குவது பாவம் என்று இடைக்காலத் திருச்சபை கண்டித்தது. 1179இல் கூடிய மூன்றாம் லாட்டரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்பவர்களைச் சபைக்குப் புறம்பாக்கியது. யூதர்களின் வேதமோ, தன் சகோதரனிடம் வட்டி கூடாது, அந்நியரிடம் வாங்கலாம் என்கிறது. கைவினைஞர் சங்கங்களில் யூதர்களுக்கு இடமில்லை, நிலம் வைத்திருப்பதும் கடினம். கடன் தேவையோ எல்லோருக்கும் இருந்தது. ஊர் வெறுக்கும் தொழிலை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தலையில் கட்டியாயிற்று.

இங்கிலாந்தில் இதில் பெரிய இலாபம் பார்த்தவர் அரசர். யூதர்கள் அரசரின் சொத்தாகக் கருதப்பட்டார்கள். நினைத்தபோது வரி போட்டுக் கறக்கலாம். லிங்கன் நகரத்து ஆரோன் என்ற பெரும் பணக்காரர் 1186இல் இறந்ததும் இரண்டாம் ஹென்றி அவருடைய சொத்தையும், அவருக்கு வரவேண்டிய கடன்களையும் எடுத்துக்கொண்டார். அந்தப் பாக்கியை வசூலிக்கவே கருவூலத்தில் தனிப்பிரிவு வைக்க வேண்டியிருந்தது. 1190இல் யார்க் நகரில் யூதர்களைக் கொன்ற கும்பல், நேரே பேராலயத்துக்குப் போய் அங்கே பாதுகாப்பில் இருந்த கடன் பத்திரங்களை எரித்தது. மதவெறியில் எவ்வளவு கடன்பாக்கி கலந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1275இல் யூதர்கள் வட்டி வாங்கவே தடை வந்தது. 1290இல் முதலாம் எட்வர்ட் எல்லோரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார். மறுபடி அவர்கள் வந்து வாழ வழி பிறந்தது 1656இல், கிராம்வெல் நாட்டை ஆண்ட காலத்தில்.

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தை எழுதியது 1596, 97 வாக்கில். அதாவது அப்போது இங்கிலாந்தில் யூதராக வெளிப்படையாக வாழ்ந்தவர் எவரும் இல்லை. மதம் மாறியதாகக் காட்டிக்கொண்ட சிறு குடும்பங்கள்தான் இருந்தன. லண்டனில் வட்டிக்குக் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள். 1571 சட்டப்படி 10 சதவீதத்துக்கு மேல் போனால் கடுமையான தண்டனை. அதற்குள் என்றால் பெரும்பாலும் கண்டுகொள்ளமாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1570இல், ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான்மீதே அதிக வட்டி வாங்கியதாக வழக்கு. 80 பவுண்டுக்கும் 100 பவுண்டுக்கும் தலா 20 பவுண்டு வட்டி என்பது குற்றச்சாட்டு. வட்டிக்காரரை எழுத ஷேக்ஸ்பியர் வெனிஸ்வரை போயிருக்க வேண்டியதில்லை.

வெனிஸின் உண்மை நிலை நாடகத்திலிருந்து நிறையவே வேறு. அங்கே 1516 முதல் யூதர்கள் கெட்டோ என்ற தனிப்பகுதியில்தான் வசிக்க வேண்டும். இரவில் வாயிலைப் பூட்டிவிடுவார்கள். அடையாளத்துக்கு வண்ணத் தொப்பி போட வேண்டும். நாடகத்தில் கெட்டோ என்ற பேச்சே இல்லை. ஷைலாக் இரவு விருந்துக்குத் தாராளமாகக் கிளம்பிப் போகிறார். அந்த நகரத்து யூத வங்கிகள் உண்மையில் அடகுக்கடைகள். ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகு பிடிப்பது, அவர்கள் அங்கே வசிக்க அரசு போட்ட நிபந்தனைகளில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த வட்டி 5 சதவீதமாகவே கட்டுப்படுத்தப்பட்டது. ஷைலாக்கைப்போல் பெருவணிகருக்குப் பெருந்தொகை கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது அவர்கள் பிழைப்பு அல்ல.

ஷைலாக்குக்கு முன் மேடையில் இருந்தவர்கள்

ஆங்கில மேடையில் யூதர் என்றால் என்ன எதிர்பார்ப்பு இருந்தது? 15ஆம் நூற்றாண்டின் ஒரு சமய நாடகத்தில் ஜோனதாஸ் என்ற யூத வணிகர் கிறிஸ்துவின் உடலாகக் கருதப்படும் திருவப்பத்தைக் குத்திச் சோதிக்கிறார், அதிசயங்கள் நடக்கின்றன, கடைசியில் ஞானஸ்நானம் பெறுகிறார். யூதர் மதம் மாறுவதே சுபமுடிவு என்ற மரபு அங்கேயே இருக்கிறது. ஷைலாக்கின் முடிவைப் படிக்கும்போது இது கைகொடுக்கும்.

1584இல் அச்சான ராபர்ட் வில்சனின் நாடகத்தில் வரும் ஜெரோன்டஸ் வேறு ரகம். இவரும் யூதர், இவரும் கடன் கொடுத்தவர், தொகையும் மொத்தம் 3,000 டக்கட். ஏமாற்றுபவர் இத்தாலியக் கிறிஸ்தவ வணிகர். துருக்கியில் முஸ்லிமாக மாறினால் கடன் தள்ளுபடி என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மதம் மாறத் துணிகிறார். காசுக்காக ஒருவன் தன் மதத்தை விடுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெரோன்டஸ் அசலையே விட்டுக்கொடுக்கிறார். லண்டன் மேடையில் கடன் கொடுக்கும் நேர்மையான யூதர் ஏற்கனவே நடமாடியிருக்கிறார் என்பதை, ‘அந்தக் காலத்தில் யாரும் வேறுமாதிரி யோசித்திருக்க முடியாது’ என்று சொல்லுமுன் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் கூட்டத்தை இழுத்தவர் கிறிஸ்டோபர் மார்லோவின் பராபஸ். மால்டா தீவின் பெரும் பணக்காரர். துருக்கியருக்குக் கப்பம் கட்ட ஆளுநர் யூதர்களின் சொத்தைப் பறிக்க, பழிவாங்கக் கிளம்பி, கன்னியர் மடத்துக்கே விஷம் வைத்து, கடைசியில் தான் வைத்த பொறியிலேயே கொப்பரையில் வெந்து சாகிறார். 1594இல், எலிசபெத் அரசியின் மருத்துவர் ரோட்ரிகோ லோப்பஸ் அரசிக்கு விஷம் வைக்கச் சதி செய்ததாகத் தூக்கிலிடப்பட்டார். போர்ச்சுகலில் பிறந்த யூத வழியினர் அவர். அந்த ஆண்டு பராபஸ் நாடகம் மறுபடி மேடையேறி நன்றாக ஓடியது. ஷேக்ஸ்பியர் பேனாவை எடுத்தபோது முன்னால் இருந்த சந்தை இது.

மூன்றாம் அங்கம், முதல் காட்சி

ஐந்து காட்சிகளில் ஒன்றை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். இதற்குள் மகள் ஜெசிக்கா, லொரென்சோ என்ற கிறிஸ்தவ இளைஞனோடு, பெட்டி நிறையப் பணமும் நகையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அன்டோனியோவின் கப்பல் மூழ்கியதாகச் செய்தி. அன்டோனியோவின் நண்பர்கள் இருவர் ஷைலாக்கைச் சீண்டுகிறார்கள். சதையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்க, மீனுக்குத் தூண்டில் இரையாகப் போடுவேன் என்று தொடங்குகிறார் ஷைலாக். ‘யூதனுக்குக் கண் இல்லையா? கை இல்லையா? குத்தினால் எங்களுக்கு இரத்தம் வராதா?’ என்ற புகழ்பெற்ற பேச்சு வருவது இங்கேதான்.

மேடைப் பேச்சுகளிலும் சுவரொட்டிகளிலும் இதை இத்தோடு வெட்டிவிடுகிறார்கள். நாடகத்தில் இது மனித சமத்துவ உரையாக முடிவதில்லை. விஷம் கொடுத்தால் சாகமாட்டோமா என்பதற்கு அடுத்த கேள்வி, அநியாயம் செய்தால் பழிவாங்கமாட்டோமா என்பது. நீங்கள் கற்றுக்கொடுத்த கொடுமையை நான் செய்து காட்டுகிறேன், கற்றதைவிடச் சிறப்பாகவே செய்வேன் என்று முடிக்கிறார். சமத்துவ வாதம் முழுவதும் பழிக்கு நியாயம் தேடும் வாதம். இதனால் முதல் பாதி பொய்யாகிவிடாது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்யுளில் ஓடும் நாடகத்தில் இந்தப் பேச்சு உரைநடையில் இருப்பதையும் கவனியுங்கள்.

அவர்கள் போனபின் டியூபல் வருகிறார். ஒரு கெட்ட செய்தி, ஒரு நல்ல செய்தி என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார். ஜெசிக்கா ஜெனோவாவில் ஒரே இரவில் 80 டக்கட் செலவழித்தாள். அன்டோனியோவுக்கு இன்னொரு நஷ்டம். நகைகள் காதில் இருக்க மகள் என் காலடியில் செத்துக் கிடந்தால் தேவலை என்கிறார் ஷைலாக். இப்படிச் சொன்ன அதே மனிதர், மகள் ஒரு குரங்குக்கு மாற்றாக மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிட்டாள் என்று கேட்டதும் துடிக்கிறார். திருமணத்துக்கு முன் மனைவி லியா கொடுத்த மோதிரம் அது. ஒரு காடு நிறையக் குரங்கு கொடுத்தாலும் கொடுத்திருக்கமாட்டேன் என்கிறார். அந்த மோதிரத்துக்கு அவர் விலை சொல்லவில்லை. சற்று முன்புதான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வாங்கிய வைரத்துக்கு 2,000 டக்கட் என்று கணக்குச் சொன்னவர். உடனே அடுத்து, அன்டோனியோ வெனிஸில் இல்லாவிட்டால் என் வியாபாரம் என் இஷ்டம் என்கிறார். ஒரே காட்சியில் பழி, பாசம், இலாபக் கணக்கு மூன்றும் அடுத்தடுத்து வருவதால்தான் நடிகர்கள் இந்தப் பாத்திரத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள்.

‘என் மகளே! என் டக்கட்டே!’ என்று அவர் தெருவில் கத்திக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்களே, அது மேடையில் நடப்பதில்லை. அவரை வெறுக்கும் ஒருவர், நண்பனைச் சிரிக்கவைக்க நடித்துக் காட்டும் வரி. விடைத்தாளில் இதை ஷைலாக்கின் கூற்றாக எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அன்டோனியோ தன்மேல் துப்பினார், நாய் என்றார் என்பதையே ஷைலாக்கின் வெறுப்புக்கு ஒரே காரணமாகச் சொல்வது. அது உண்மைதான். அன்டோனியோ மறுக்கவும் இல்லை, மறுபடியும் துப்புவேன் என்கிறார். ஆனால் தான் வரும் முதல் காட்சியில் ஷைலாக் தனக்குள் சொல்லும் காரணங்கள் வேறு: அவன் கிறிஸ்தவன், அதைவிட, வட்டியில்லாமல் கடன் கொடுத்து நகரத்தில் வட்டி விகிதத்தை இறக்கிவிடுகிறான்.

நீதிமன்றம்

வெனிஸ் கோமகன் நினைத்தால் பத்திரத்தை ரத்து செய்யலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் அன்டோனியோவே சொல்லிவிடுகிறார்: அந்நியருக்குச் சட்டம் மறுக்கப்பட்டால், பல நாட்டாரை நம்பி நடக்கும் இந்த நகரத்தின் வியாபாரம் கெட்டுவிடும்.

ஆண்வேடத்தில் வழக்கறிஞராக வரும் போர்ஷியா முதலில் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். மூன்று மடங்குத் தொகை தருகிறார்கள், வாங்கிக்கொள் என்கிறார். ஷைலாக் மசியவில்லை. நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளைக் கழுதைபோல் நடத்துகிறீர்கள், விடுதலை செய் என்றால் ‘எங்கள் உடைமை’ என்பீர்கள்; இந்தச் சதையும் நான் விலை கொடுத்து வாங்கியது என்று, போர்ஷியா வருமுன்பே, அவர் கேட்டதற்கு அந்த அவையில் எவரும் பதில் சொல்லவில்லை.

பிறகு போர்ஷியா மூன்று படியாகப் பிடியை இறுக்குகிறார். சதை உண்டு, இரத்தம் பத்திரத்தில் இல்லை. சரியாக ஒரு பவுண்டு; மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் உயிர் போகும். ஷைலாக் மும்மடங்கு கேட்டு, பின் அசலாவது கொடுங்கள் என்று இறங்கிவரும்போது மூன்றாவது: குடிமகனின் உயிரைப் பறிக்க முயலும் அந்நியனின் சொத்தில் பாதி பாதிக்கப்பட்டவருக்கு, பாதி அரசுக்கு, உயிர் கோமகன் கையில். சட்டம் படித்தவர்கள் இதை ஏற்பதில்லை. சதையை வெட்டும் உரிமையில் இரத்தமும் அடங்கும், இல்லையென்றால் பத்திரம் தொடக்கத்திலேயே செல்லாது என்று தள்ளியிருக்க வேண்டும் என்று ஜெர்மன் சட்ட அறிஞர் ருடால்ஃப் ஃபான் யேரிங் 1872இல் கடுமையாக எழுதினார். அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. எழுத்துக்கு எழுத்து சட்டம் கேட்டவரை எழுத்தாலேயே மடக்குவது மேடையில் கைதட்டல் வாங்கும், வழக்காக நிற்காது.

கடைசி நிபந்தனைகள் அன்டோனியோவுடையவை. பாதிச் சொத்தை ஷைலாக் வைத்துக்கொள்ளலாம், மறுபாதி லொரென்சோவுக்காக அன்டோனியோவின் பொறுப்பில். இறந்தபின் எல்லாமே லொரென்சோவுக்கும் ஜெசிக்காவுக்கும். ஷைலாக் உடனே கிறிஸ்தவராக வேண்டும். அன்றைய பார்வையாளர்களில் பலருக்கு இது ஆன்மாவைக் காப்பாற்றும் கருணையாகவே பட்டிருக்கும். நடைமுறையில், கிறிஸ்தவரானால் வட்டித்தொழில் போயிற்று, தன் யூதச் சமூகமும் போயிற்று. சம்மதம் என்று ஒரு சொல், உடம்பு சரியில்லை என்று ஒரு வரி, அவ்வளவில் வெளியேறுகிறார்.

நடிகர்கள் மாற்றிய ஷைலாக்

1701இல் மேடையேறிய திருத்தப்பட்ட வடிவத்தில் ஷைலாக் ஒரு கோமாளி. 1741இல் லண்டன் டுரூரி லேன் அரங்கில் சார்ல்ஸ் மேக்ளின் அவரைப் பயங்கரமான வில்லனாக்கினார். 1814இல் எட்மண்ட் கீன், வழக்கமான செந்நிற விக்கைத் தூக்கிப்போட்டுக் கறுப்பு விக்கில் வந்து, காயப்பட்ட மனிதராக நடித்தார். 1879இல் ஹென்றி இர்விங் இன்னும் ஒரு படி போய், மகள் ஓடிப்போனது தெரியாமல் ஷைலாக் வீடு திரும்பிக் கதவைத் தட்டும் ஒரு காட்சியை, மூலத்தில் இல்லாததை, சேர்த்தார். 1903இல் நியூயார்க்கில் ஜேக்கப் அட்லர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பேச, உடன் நடித்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்று தழுவினார்.

1943இல் வியன்னாவில், நாஜி நிர்வாகத்தின் ஆதரவோடு, வெர்னர் கிராவுஸ் நடித்த ஷைலாக் அருவருப்பூட்டும் இனப்பிரசாரம். நாஜிகளுக்கும் நாடகம் முழுக்க வசதியாக அமையவில்லை. யூதப் பெண் ஜெசிக்கா கிறிஸ்தவரை மணப்பது அவர்களுடைய இனச் சட்டத்துக்கு முரண். அந்த இடத்தைத் திருத்தித்தான் மேடையேற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பின் யாரும் இந்தப் பாத்திரத்தை வெறும் பணப்பேராசைக்காரராக நடித்துத் தப்ப முடியாது. 1970இல் லாரன்ஸ் ஒலிவியே 19ஆம் நூற்றாண்டு வங்கியாளர் உடையில் வந்தார். 2004 திரைப்படத்தில் அல் பசினோவின் ஷைலாக், மதமாற்றத்துக்குப்பின் யூத ஜெபாலயக் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஷைலாக் என்ற பெயரைக் கந்துவட்டிக்காரரைத் திட்டும் சொல்லாக நம் பத்திரிகைகளும் பயன்படுத்துகின்றன. ஆங்கிலத்தில் இது யூதர்மீதான வசையாகவே கருதப்படுகிறது. 2014இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த ஜோ பைடன் இச்சொல்லைப் பயன்படுத்தியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. வட்டிக்கொடுமையைப் பற்றி எழுத நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. போதாததற்கு, அந்தப் பெயருக்குரியவர் கொடுத்த கடனில் வட்டியே இல்லை.